மண் சுவர்களுக்குள் இருந்தவை: ரெனே கையேயின் திம்புக்து

1830இல் பாரீஸில் வெளியான ரெனே கையேயின் பயண நூல், ஐரோப்பாவின் நெடுநாள் கனவொன்றைக் கலைத்த நூலாகப் பேசப்படுகிறது. ஸஹாராவின் தென்விளிம்பில் உள்ள திம்புக்து பொன் கொழிக்கும் நகரம் என்பதே அக்கனவு. அங்குச் சென்று மீண்டுவந்து விவரம் தருபவருக்குப் பாரீஸ் புவியியற் கழகம் பரிசு அறிவித்திருந்தது. எகிப்தில் பிறந்த முஸ்லிம் எனத் தம்மைக் கூறிக்கொண்டு, 1828 ஏப்ரல் 20 அன்று கையே அந்நகருள் நுழைந்தார்.

அவர் கண்டவை யாவை? மணல்வெளியில் பரந்து கிடந்த, மாடியற்ற மண் வீடுகள். பறவையொலியும் கேளாத அமைதி. உணவுக்கு வெளியூர்ப் படகுகளை எதிர்பார்த்திருந்த மக்கள். இவற்றில் பொய்யில்லை. 1591இல் நிகழ்ந்த மொராக்கோப் படையெடுப்புக்குப் பின் நகரம் தேய்ந்துகொண்டே வந்திருந்தது. கையே கண்டதைக் கண்டபடி எழுதியவர். தம்மை உபசரித்தோரின் பண்பையும் நன்றியோடு பதிவு செய்தவர். அவருடைய நேர்மையை நாம் ஐயுறவில்லை.

நம் வினா, கண்டவற்றை அவர் எடைபோட்ட முறை பற்றியது. நகரில் ஏழு பள்ளிவாசல்கள் இருந்ததையும், மக்கள் திருக்குர்ஆனை ஓதவும் மனனமாகச் சொல்லவும் அறிந்திருந்ததையும் அவரே எழுதுகிறார். ஆனால் அது போகிற போக்கில் வரும் குறிப்பு. நகரைப் பற்றிய அவரது தீர்ப்பில் அதற்கு இடமில்லை. குர்ஆன் ஏடுகளின் மறைவில் வைத்தே குறிப்பெழுதிய அவர், ஏடுகளால் வாழ்ந்த ஓர் ஊரில் இருப்பதை உணரவில்லை. பொன்னைத் தேடிய கண், மண்ணைக் கண்டதும் கணக்கை முடித்துக்கொண்டது.

படையெடுத்தோர் மர்ராகிஷுக்குச் சிறைபிடித்துச் சென்ற பேரறிஞர் அஹ்மத் பாபா (1556-1627), தாம் இழந்த நூல்கள் 1,600 என்றும், தம் உறவினரின் நூலகங்களுள் தம்முடையதே சிறியது என்றும் கூறியதாக வரலாறு சொல்கிறது. அம்மரபின் சுவடிகள், கையே கடந்து சென்ற வீடுகளின் பெட்டிகளுக்குள் இருந்தன.

இரண்டு வாரம் தங்கிய ஒருவர், அதிலும் மாறுவேடத்தில் அஞ்சி வாழ்ந்தவர், வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்கலாம். ஜெர்மானியரான ஹைன்ரிச் பார்த்தும் மாறுவேடத்தில்தான் 1853இல் அங்கு வந்தார். ஆனால் வரும் வழியிலேயே, குவாண்டு நகரில், 'தாரீக் அஸ்ஸூதான்' என்னும் வரலாற்று நூலைப் படித்துக் குறிப்பெடுத்திருந்தார். ஷைகு அஹ்மத் அல்பக்காயீயின் பாதுகாப்பில் பல மாதங்கள் தங்கி, அறிஞரோடு உரையாடினார். அதே மண் சுவர்கள் அவர் எழுத்தில் வரலாறு உடையனவாகின்றன. கண் வேறல்ல, கற்றது வேறு.

2012இல் இஸ்லாத்தின் பெயராலேயே வந்த ஆயுதக் குழுவினர் அந்நகரின் அடக்கத்தலங்களை இடித்தனர். 2013 சனவரியில் சுவடிகளில் ஒரு பகுதியை எரித்தனர். எஞ்சியவற்றில் பெரும்பகுதியை ஊர்மக்களும் நூலகப் பொறுப்பாளர்களும் மறைவாகப் பமாக்கோவுக்குக் கொண்டுசென்று காத்தனர். முன்முடிவோடு நுழைபவர் அயலாராயினும் நம்மவராயினும், அவருக்கு ஒரு நகரம் வெறும் மண்ணாகவே தெரியும். கையேயின் நூலை நாம் இன்று படிக்க வேண்டுவது இதனை நினைவிற்கொள்ளவே.