'கராத்தேக்கா'வில் வீரமும் அடக்கமும்

போர்க்கலையைப் பொருளாகக் கொண்ட ஆக்கங்களை மதிப்பிடுவோர், அடியின் விரைவையும் வெற்றியின் எண்ணிக்கையையுமே பெரிதும் நோக்குவர். அந்நோக்கு நிரம்பியதன்று என்பதற்கு, வீட்டுக் கணினிகளின் தொடக்கக் காலத்தில் தோன்றிய 'கராத்தேக்கா' என்னும் விளையாட்டு தக்க சான்றாகும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது ஜோர்டன் மெக்னர் இதனை ஆப்பிள் 2 கணினிக்கென இயற்றினார். புரோடர்பண்ட் நிறுவனம் 1984இல் வெளியிட்டது.

கதை சிறிது. அக்குமா என்னும் கொடியவன் மரிக்கோ என்னும் நங்கையைத் தன் கோட்டையில் சிறைவைக்கிறான். பெயரில்லாத வீரன் ஒருவன் காவலரை ஒருவர் பின் ஒருவராக வென்று அவளை மீட்கச் செல்கிறான். மெக்னர் தம் கராத்தே ஆசிரியரின் அசைவுகளைப் படச்சுருளில் பதிந்து, அவற்றைப் படம் படமாக வரைந்து கணினியில் ஏற்றினார். ஆதலின், சில புள்ளிகளாலான உருவங்களிலும் மனித உடலின் கனம் புலப்படுகிறது. உரையாடல் இன்றி மெய்ப்பாட்டாலேயே கதை நடைபெறுகிறது.

இவ்வாக்கத்தின் உயிர்நாடி, வீரன் நிற்கும் நிலையாகும். நிமிர்ந்து ஓடும் நிலை ஒன்று, போர்நிலை மற்றொன்று. நிமிர்ந்தவாறே காவலனை நெருங்கினால் வீரன் ஓரடியில் மாள்வான். அவனுக்கு உயிரும் ஒன்றே. வீழ்ந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனவே ஆடுவோர் போர்நிலையைக் கைவிடாது பழகுகின்றனர். அக்குமாவும் வீழ்ந்தபின், அதே பழக்கத்தால் போர்நிலையிலேயே மரிக்கோவை நெருங்கினால், அவள் ஓருதையில் வீரனைக் கொன்றுவிடுகிறாள்! நிமிர்ந்த நிலையில் அணுகினால் ஓடிவந்து தழுவுகிறாள்.

இதனை ஆசிரியரின் குறும்பு என்பாரும் உளர். முன்னறிவிப்பு இல்லை என்பது அவர்தம் குறை. ஆயினும் இடமறிந்து நிலை மாற்றுக என்பதே தொடக்கம் முதல் இவ்விளையாட்டின் விதி. முடிவில் அவ்விதி அறமாக உயர்கிறது. எதிரியை வணங்கவும் இதில் வழியுண்டு. வணக்கத்தால் ஆற்றல் கூடுவதில்லை. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் தமிழர் பேணிய சிலம்பத்திலும் கம்பு வீசுமுன் வணக்கம் உண்டு. கெமாஸ் வட்டாரத் தோட்டப்புறங்களில் வளர்ந்தோர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. படைச்செருக்கு அதிகாரத்தில் வள்ளுவரும், பகைவனுக்குத் துன்பம் நேர்ந்தவிடத்து உதவுதலை வீரத்தின் உச்சமாக வைப்பார்.

குறையும் உண்டு. ஓருதையில் உயிர் போக்க வல்ல மரிக்கோ, அதுவரை சிறையில் துவண்டு கிடப்பானேன்? இவ்வினாவிற்குக் கதையில் விடையில்லை. பெண்ணின் ஆற்றலை முடிவுக்கு மட்டும் வைத்துக்கொண்டது ஆசிரியர் தவறே.

இவ்விளையாட்டின் முந்தைய வரைவுகளையும் குறிப்புகளையும் தொகுத்து டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் 2023இல் வெளியிட்டது. சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடங்காணும் மரபுடைய தமிழாசிரியர்க்கு அத்தொகுப்பு பயன்படும். புறத்திணை கற்பிக்கும் வகுப்பில் இம்முடிவை எடுத்துக்காட்டினால், வென்றவன் கையைத் தாழ்த்துவதும் வீரத்தின்பாற்பட்டதே என்பதை மாணவர் எளிதில் உணர்வர்.