கூடுதலும் வழிநிற்றலும்: ‘சக்தி’ இசைக்குழு – ஒரு திறனாய்வு

முன்னுரை

பல நாட்டு இசைக்கருவிகள் ஒரே மேடையில் சேர்ந்து ஒலிப்பது இன்று புதுமையன்று. மலேசியா, சிங்கப்பூர் போன்ற பல்லின நாடுகளின் விழா மேடைகளில் தபலாவும் கொம்பாங்கும் எர்ஹுவும் கிட்டாரும் அருகருகே அமர்வதைக் காண்கிறோம். இவ்வகை இசை தமிழில் கலப்பிசை எனவும் இணைவிசை எனவும் வழங்கப்படுகிறது. 1987ஆம் ஆண்டில் இலண்டனில் கூடிய சிறு இசைத்தட்டு நிறுவனத்தார், கடைகளில் அடுக்குவதற்கு வசதியாக ‘உலக இசை’ என்னும் பெயரைத் தேர்ந்துகொண்டனர். அப்பெயர் வணிகத்திற்குப் பயன்பட்டதேயன்றி, இசையை மதிப்பிடுவதற்கு எவ்வித அளவுகோலையும் தரவில்லை.

இவ்விசை குறித்து இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. இசைக்கு எல்லை கிடையாது எனக் கூறி எல்லாக் கலப்பையும் வரவேற்பது ஒன்று. மரபின் தூய்மை கெடுகிறது எனக் கூறி எல்லாக் கலப்பையும் ஒதுக்குவது மற்றொன்று. இவ்விரண்டுமே இசையைக் கேட்பதற்கு முன்னரே முடிவு செய்துவிடும் போக்குகள் ஆகும். ஒரு கலப்பிசைக் குழு எதனைப் பெற்றது, எதனை இழந்தது எனக் கேட்டறிவதே திறனாய்வின் பணியாகும். அந்நோக்கில், 1975இல் முதல் இசைத்தட்டுக்கான பதிவைச் செய்த ‘சக்தி’ இசைக்குழுவை இக்கட்டுரை மதிப்பிட முயல்கிறது.

அளவுகோல்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடலுக்கு இசைத்த கருவிகளைப் பற்றிய செய்தி இடம்பெறுகிறது. குழல், யாழ், தண்ணுமை, முழவு, ஆமந்திரிகை என்பன அங்கு ஒலித்த கருவிகள். இளங்கோவடிகள் கருவிகளின் எண்ணிக்கையைப் பெருமையாகக் காட்டவில்லை. ஒன்றன் வழியை மற்றொன்று பின்பற்றி நின்றது என்பதையே சிறப்பாகக் கூறுகிறார். கூடி ஒலித்தல் வேறு, வழிநின்று ஒலித்தல் வேறு என்பது இதனால் பெறப்படுகிறது. வழிநிற்க வேண்டுமாயின், முன்செல்லும் கருவியின் இலக்கணம் பின்வரும் கருவிக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். கலப்பிசையை மதிப்பிடுவதற்கு இதனினும் பொருத்தமான அளவுகோல் வேறில்லை எனலாம்.

இவ்வளவுகோலைச் சக்தி குழுவிற்குப் பொருத்திப் பார்ப்பதற்கு ஒரு வரலாற்றுத் தொடர்பும் உண்டு. குழுவைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஆங்கிலேயக் கிட்டார்க் கலைஞர் ஜான் மெக்லாக்லின், 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெசுலியன் பல்கலைக்கழகத்தில் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். பாடகரும் இசையறிஞருமான இராமநாதன், சிலப்பதிகாரத்தின் இசைச் செய்திகளை ஆராய்ந்து அதே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்.

குழுவின் தோற்றம்

மெக்லாக்லின் 1969இல் மைல்ஸ் டேவிஸின் குழுவில் வாசித்தவர். 1971இல் அவர் தொடங்கிய ‘மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா’ மின்கருவிகளின் பேரொலிக்குப் பெயர் பெற்றது. அதற்கு நேர்மாறாகச் சக்தி குழுவில் மின்கிட்டாரை விடுத்து மரக்கிட்டாரை ஏந்தினார். அவரோடு இணைந்தவர்களுள் வயலின் கலைஞர் எல். சங்கர் குறிப்பிடத்தக்கவர். இவர் இசையாசிரியர் வி. இலட்சுமிநாராயணாவின் மகன், அக்குடும்பம் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்து பின்னர் சென்னைக்கு வந்தது. பஞ்சாப் கரானாவைச் சேர்ந்த அல்லா ரக்காவின் மகன் ஜாகிர் உசேன் தபலா வாசித்தார். டி.எச். விநாயக்ராம் கடமும், ராம்நாட் ராகவன் மிருதங்கமும் வாசித்தனர்.

1975 சூலை 5ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் உள்ள ஒரு கல்லூரியில் நடந்த நிகழ்ச்சியே முதல் இசைத்தட்டாக 1976இல் வெளிவந்தது. அதில் இடம்பெற்றவை மூன்றே உருப்படிகள். முதலாவது சுமார் 18 நிமிடமும் மூன்றாவது சுமார் 29 நிமிடமும் நீள்கின்றன. ஒரு கச்சேரியின் கால அளவையில் இசை வளர்வதற்கு இடம் தரப்பட்டது என்பதற்கு இதுவே சான்று. இதனைத் தொடர்ந்து மேலும் இரு இசைத்தட்டுகள் வெளிவந்தன. 1978இல் குழு கலைந்தது.

சுரமும் கமகமும்

மேலை இசையின் பெருஞ்செல்வம் ஒத்திசைவு ஆகும். பல சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலித்து, அவற்றின் அடுக்குகள் மாறிச் செல்வதால் அங்கு இசை நகர்கிறது. நம் இசை, மாறாத ஆதார சுருதியின்மேல் ஒற்றைச் சுரவரிசையாக நகர்கிறது. இவ்விரண்டும் ஒரே மேடையில் சேரும்போது ஒன்று மற்றொன்றிற்கு இடங்கொடுத்தே ஆகவேண்டும். பெரும்பாலான திரைப்பாடல்களில் இராகத்தின் அடியில் மேலைச் சுர அடுக்குகளை வைக்கின்றனர். அங்கு இராகம் மேற்பூச்சாக மாறிவிடும் இடர் உண்டு. சக்தி குழுவில் நிகழ்ந்தது இதற்கு எதிரானது. மெக்லாக்லின் சுர அடுக்குகளைப் பெருமளவு கைவிட்டு, ஆதார சுருதியின்மேல் நின்றே வாசித்தார். தம் மரபின் பெருஞ்செல்வத்தை அவர் வாயிலிலேயே விட்டுவந்தார் எனலாம்.

மேலை இசையின் ‘மேஜர்’ சுரவரிசை சங்கராபரணத்திற்கு ஒப்பானது என்பது பலரும் அறிந்ததே. ஆயினும் சுரங்கள் ஒத்திருப்பதனால் மட்டும் சங்கராபரணம் பிறந்துவிடாது. சுரங்களுக்கு இடைப்பட்ட அசைவே இராகத்திற்கு உயிர். கிட்டாரின் உலோகக் கட்டைகள் அவ்வசைவுக்குத் தடையாகும். இதனை உணர்ந்த மெக்லாக்லின், கருவிக் கைவினைஞர் ஆபிரகாம் வெக்டர் வாயிலாகத் தனிக் கிட்டார் ஒன்றைச் செய்வித்தார். அதில் கட்டைகளுக்கு இடைப்பட்ட மரம் குழிவாகச் செதுக்கப்பட்டது. இதனால் வீணையில் போலத் தந்தியை இழுத்தும் அழுத்தியும் சுரத்தை அசைக்க முடிந்தது. முதன்மைத் தந்திகளுக்குக் குறுக்காக ஏழு துணைத் தந்திகள் கட்டப்பட்டன. அவை சுருதியின் கார்வையைத் தந்தன. கருவியை மாற்றியமைத்ததன் பொருள், கருவி ஏந்தியவர் தம் செவியை மாற்றியமைத்துக்கொண்டார் என்பதாகும்.

எனினும் குறையும் கூறப்படல் வேண்டும். ஏற்ற இறக்கச் சறுக்கல்களைக் கிட்டார் நன்கு வெளிப்படுத்துகிறது. ஒரு சுரத்திலேயே நின்று ஊசலாடும் கம்பிதத்தை அவ்வளவாக வெளிப்படுத்தவில்லை. சங்கரின் வயலின் அடுத்து ஒலிக்கும்போது இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படுகிறது. வயலினும் ஐரோப்பாவிலிருந்து வந்த கருவியே. பாலுசுவாமி தீட்சிதர், தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு முதலியோர் காலந்தொட்டுச் சற்றேறக்குறைய இருநூறு ஆண்டுகளாக அது நம் இசையின் வழிநின்று பழகியிருக்கிறது. சக்தியின் மேடையில் கிட்டாரும் வயலினும் அருகருகே நிற்பது, ஒரே பயணத்தின் தொடக்கத்தையும் முதிர்ச்சியையும் ஒருங்கே காட்டுவதாக உள்ளது.

தாளமே பொதுமொழி

கிழக்கும் மேற்கும் சந்தித்த குழு என்றே சக்தி பெரும்பாலும் அறிமுகப்படுத்தப்படுகிறது. இதனினும் அரிய சந்திப்பு ஒன்று அதன் தாளப் பகுதியில் நிகழ்ந்தது. இந்துஸ்தானி இசையின் தபலாவும் கர்நாடக இசையின் கடமும் ஒரே குழுவில் நிலையாக இணைந்தது அந்நாளில் அரிது. தபலா, தேக்கா எனப்படும் நிலையான சொல்வரிசையால் தாளச் சுழற்சியைக் காட்டுவது. கர்நாடகத் தாளக் கருவிகளோ தாளத்தைக் கைக்கு விட்டுவிட்டுப் பாட்டின் போக்கைத் தழுவிச் செல்வன. இவ்விரு நெறிகளும் முடிவுகளில் சந்திக்கின்றன. வடக்கின் திஹாயும் தெற்கின் மோராவும் ஒரு சொற்கட்டை மும்முறை கூறிச் சமத்தில் சேர்பவை. கணக்கின் அடிப்படை ஒன்றாதலால் ஜாகிர் உசேனும் விநாயக்ராமும் தத்தம் மொழியில் பேசியும் ஒரே முடிவில் வந்து சேர முடிந்தது.

இரண்டாம் இசைத்தட்டில் ‘மகிழ்வின் நடனம்’ எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தலைப்பைக் கொண்ட உருப்படி, கருவிகளால் தொடங்காமல் வாயால் சொல்லும் சொற்கட்டுகளால் தொடங்குகிறது. நம் கச்சேரிகளில் அருகிவந்த கொன்னக்கோல் அங்கு முன்வாயிலில் நிற்கிறது. மேலைக் கேட்போருக்குச் சொற்கட்டின் பொருள் தெரியவேண்டியதில்லை; அதன் கணக்கு செவிக்கே புரிந்துவிடுகிறது. பல மரபினர்க்கும் பொதுவான இலக்கணம் சுரத்தில் கிட்டாதபோது தாளத்தில் கிட்டியது என்பதே சக்தியின் இசை நமக்கு உணர்த்தும் முதன்மையான உண்மையாகும்.

இதனோடு தொடர்புடைய மற்றொரு மாற்றமும் நோக்கத்தக்கது. முதல் இசைத்தட்டிற்குப் பின் ராகவன் விலக, தனி மிருதங்கக் கலைஞரின்றியே குழு தொடர்ந்தது. கச்சேரி மரபில் கடம் உபபக்கவாத்தியம் ஆகும். மிருதங்கம் வழிநடத்த, தனி ஆவர்த்தனத்தில் தன் முறை வரும்வரை காத்திருப்பது அதன் நிலை. சக்தியின் மேடையில் அது தபலாவிற்கு இணையாக முன்வரிசையில் அமர்ந்தது. சபாக்களில் எளிதில் வாய்க்காத சமநிலையை ஒரு மண்பானை இசைக்கருவிக்குக் கலப்பிசை மேடை வழங்கியது. மரபின் தூய்மை பேசுவோர் அம்மரபுக்குள் நிலவும் படிநிலைகளையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

இழப்புகள்

பெற்றவற்றைக் கூறியபின் இழந்தவற்றையும் கூறுவதே முறையாகும். முதலாவது இழப்பு சாகித்தியம். கர்நாடக இசையின் பெரும்பகுதி பாடலைச் சார்ந்தது. கருவிக் கலைஞரும் சொல்லை உள்ளத்தில் கொண்டே வாசிப்பர். தொடக்கக்காலச் சக்தியில் இராகமும் தாளமும் வந்தன, சொல் வரவில்லை. இரண்டாம் இசைத்தட்டில் ‘கிருதி’ என்றே பெயரிடப்பட்ட உருப்படியும் கருவியிசையாகவே உள்ளது. மொழி கடந்து செல்வதற்குக் கொடுக்கப்பட்ட விலை மொழியே ஆயிற்று.

இரண்டாவது இழப்பு விளம்பகாலம். விரைவும் வினா-விடை வாசிப்பும் கைத்தட்டலை உடனே பெற்றுத்தருவன. முதல் இசைத்தட்டின் முதல் உருப்படியில் விரைவே ஆட்சி செய்கிறது. ஓர் இராகத்தைச் சுரம் சுரமாகத் திறந்து காட்டும் பொறுமை ஆங்காங்கே தலைகாட்டினும், குழுவின் அடையாளமாக அது வளரவில்லை. 1977இல் வெளிவந்த மூன்றாம் இசைத்தட்டில் எட்டு உருப்படிகள் அடங்கியுள்ளன. முதல் இசைத்தட்டின் மூன்று நெடிய உருப்படிகளோடு இதனை ஒப்பிட்டால், இசைத்தட்டு வணிகத்தின் குறுகிய கால அளவைக்குள் அக்குழு தன்னைச் சுருக்கிக்கொண்டது புலனாகும். சுருங்கிய வடிவில் இராகம் வளர இடமில்லை. இனிய மெட்டு மட்டுமே எஞ்சுகிறது.

மறுபிறப்பு

1997இல் ‘ரிமெம்பர் சக்தி’ என்னும் பெயரில் குழு மீண்டும் கூடியது. பின்னர் மாண்டலின் கலைஞர் யு. ஸ்ரீநிவாஸ், விநாயக்ராமின் மகன் வி. செல்வகணேஷ், பாடகர் சங்கர் மகாதேவன் ஆகியோர் இணைந்தனர். மேலைக் கருவியான மாண்டலினை மின்வடிவில் கர்நாடக இசைக்குக் கொணர்ந்த ஸ்ரீநிவாஸ், இளமையிலேயே புகழ்பெற்றவர். அவருடைய வருகையால் மெக்லாக்லினுக்கு இணையான தந்திக் கருவி ஒன்று எதிர்நின்றது. ஐரோப்பியர் ஒருவர் கர்நாடக நெறியில் தம் கருவியைச் செலுத்த, ஐரோப்பியக் கருவி ஒன்றைத் தென்னிந்தியர் ஒருவர் தம் நெறிக்கு முழுமையாக ஆட்படுத்தியிருந்தார். 2014இல் ஸ்ரீநிவாஸ் மறைந்தமை இசையுலகிற்குப் பேரிழப்பாகும்.

சங்கர் மகாதேவனின் குரலால் முன்னர்க் கூறிய முதல் இழப்பு ஓரளவு ஈடுசெய்யப்பட்டது. 2001இல் வெளிவந்த மும்பை நிகழ்ச்சிப் பதிவில் தியாகராசரின் ‘கிரிராஜ சுதா’ இடம்பெற்றது. இங்குச் சொல் மீண்டும் மேடையேறியது. ஆயினும் அது மெட்டின் விரைவுக்கும் தாள விளையாட்டுக்கும் இடையில் ஓடுகிறது. பொருளுணர்ந்து பாடும் இசையாக முழுமை பெறவில்லை.

2023இல் ‘இந்தக் கணம்’ எனப் பொருள்படும் தலைப்பில் வெளிவந்த இசைத்தொகுப்பு, 2024 பிப்ரவரியில் சிறந்த ‘குளோபல்’ இசைத்தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. ‘உலக இசை’ என்றிருந்த அவ்விருதுப் பிரிவின் பெயர் 2020இல் மாற்றப்பட்டமையும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. அப்போது குழுவிலிருந்த ஐவருள் சங்கர் மகாதேவன், வயலின் கலைஞர் கணேஷ் இராஜகோபாலன், செல்வகணேஷ் ஆகிய மூவரும் கர்நாடக இசை பயின்றவர்கள். அவ்வாண்டு திசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தார்.

முடிவுரை

சக்தி இசைக்குழுவின் வெற்றி, பல பண்பாடுகளைக் கூட்டிவைத்ததில் இல்லை. கூடியவர்கள் ஒருவர் இலக்கணத்தை மற்றவர் பல்லாண்டு கற்று வழிநின்றதில்தான் அது அடங்கியுள்ளது. தாளத்தில் அவ்வழிநிற்றல் நிறைவாக நிகழ்ந்தது. சுரத்தில் ஓரளவு நிகழ்ந்தது. சொல்லில் மிகக் குறைவாகவே நிகழ்ந்தது. இம்மூன்று நிலைகளையும் பிரித்துணர்ந்தால் ஒட்டுமொத்தப் பாராட்டும் ஒட்டுமொத்தக் கண்டனமும் பொருளற்றவை என்பது விளங்கும்.

நம் நாடுகளின் விழா மேடைகளுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். ஓர் இனத்திற்கு ஒரு கருவி எனப் பங்கிட்டு அமர்த்தி, ஆளுக்குச் சில நிமிடம் ஒதுக்கிவிட்டால் அது கூடுதல் மட்டுமே. கொம்பாங்கின் பின்னலைத் தபலாக் கலைஞரும், மிருதங்கத்தின் சொற்கட்டைக் கொம்பாங் கலைஞரும் கற்கும் நாளில்தான் அது இசையாக மலரும். அவ்வாறு கற்பதற்கு ஒரு விழாவின் ஒத்திகைக் காலம் போதாது. ஆண்டுகள் வேண்டும், ஆசிரியர்கள் வேண்டும், அவர்களை ஒருவரோடொருவர் சந்திக்கச் செய்யும் கல்விக்கூடங்கள் வேண்டும். வெசுலியன் பல்கலைக்கழகத்தில் ஒரு தமிழறிஞரும் ஓர் ஆங்கிலேயக் கலைஞரும் ஆசிரியராகவும் மாணவராகவும் அமர்ந்ததன் பயனை அரை நூற்றாண்டாக உலகம் கேட்டுவந்துள்ளது. பல மரபுகளும் அண்டை வீட்டில் ஒலிக்கும் நம் நாடுகளில் அத்தகைய அமர்வுகள் இன்னும் எளிதில் கைகூட வேண்டும்.