சாயக்கழிவும் எலக்ட்ரான் கற்றையும்

தென்கொரியாவின் டேகு நகரச் சாயத்தொழில் வளாகத்தில் 1998-இல் ஒரு முன்னோட்ட ஆலை அமைத்தார்கள். முடுக்கியிலிருந்து வரும் எலக்ட்ரான் கற்றையைச் சாயக்கழிவில் பாய்ச்சி, நாளொன்றுக்கு 1,000 கன மீட்டர் நீரைச் சுத்திகரித்துப் பார்த்தார்கள். அது தேறவே, 400 கிலோவாட் முடுக்கியோடு 10,000 கன மீட்டருக்கான முழு ஆலை எழுந்தது. சீனாவும் 2017-இல் ஜின்ஹுவாவில் இதே வழிக்கு வந்தது. எனவே இது ஆய்வுக்கூடத்தோடு நின்றுபோன வித்தை அல்ல. ஆனால் இத்துறை ஆய்வுகள் பெரும்பாலும் எதை வெற்றி என்று அளக்கின்றனவோ, அந்த அளவுகோல் தவறு என்பதே என் வாதம்.

கற்றை நேரே சாயத்தைத் தாக்குவதைவிட, நீர் மூலக்கூறுகளை உடைப்பதே அதிகம். அப்போது பிறக்கும் ஹைட்ராக்சில் தனியுறுப்புகள் சாயத்தை ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. கூடவே பிறக்கும் நீரேறிய எலக்ட்ரான்கள் ஒடுக்கம் செய்கின்றன. எந்த வேதிப்பொருளும் சேர்க்காமல் இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பது இம்முறையின் அசல் பலம். கதிர்வீச்சு அளவின் அலகான கிலோகிரேயில், 1 கிலோகிரே என்பது ஒரு கிலோ நீருக்கு 1,000 ஜூல். நீரைக் கால் டிகிரி அளவுக்குக்கூடச் சூடாக்காத ஆற்றல். அசோ சாயங்களின் நிறத்தைக் கலைக்கச் சில கிலோகிரே போதும். ஆனால் 10 லட்சம் எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான் நீருக்குள் சுமார் 4 மில்லிமீட்டர்தான் போகும். அதனால் கழிவை மெல்லிய தாரையாகப் பீய்ச்சித்தான் கற்றைக்கு அடியில் செலுத்த முடியும்.

நிறம் போனாலும் கரிமப் பொருள் போய்விடுவதில்லை. உடைந்த துண்டுகள் நீரிலேயே கிடக்கின்றன; அவற்றைக் கார்பன் டைஆக்சைடு வரை கொண்டுபோக வேண்டுமானால் கதிர்வீச்சு அளவு பல மடங்காகும், மின்கட்டணமும் அப்படியே ஏறும். காய்ச்சி வடித்த நீரில் ஒரே ஒரு சாயத்தைக் கரைத்து, 'இத்தனை விழுக்காடு நிறம் நீங்கியது' என்று அறிவிக்கும் ஆய்வு இதை மறைத்துவிடுகிறது. உண்மையான கழிவில் இருக்கும் கார்பனேட்டும் கஞ்சியும் சோப்பும் தனியுறுப்புகளைப் பாதி வழியிலேயே விழுங்கிவிடும். கோபால்ட்-60 காமா கதிரில் கண்ட முடிவையும் அப்படியே முடுக்கிக்குப் பொருத்த முடியாது. முடுக்கி கணத்தில் ஆற்றலைக் கொட்டுவதால், தனியுறுப்புகள் சாயத்தைத் தொடுமுன் தமக்குள்ளேயே சேர்ந்து வீணாவது அதிகம்.

அந்தத் துண்டுகளை நுண்ணுயிர்கள் எளிதாகத் தின்றுவிடுமே என்று கேட்கலாம். சரியான கேள்வி. டேகுவிலும் கற்றை உயிரியல் சுத்திகரிப்போடு சேர்ந்தே இயங்கியது. அப்படியானால் நுண்ணுயிர்த் தொட்டியில் எத்தனை மணி நேரம் மிச்சமாயிற்று, எவ்வளவு ரசாயனம் குறைந்தது என்பதல்லவா அளக்கப்பட வேண்டும்? நீரே கதிரியக்கம் உடையதாகிவிடும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. கற்றையிலுள்ள எலக்ட்ரான்களின் ஆற்றலுக்கு அந்த வலு கிடையாது. மின்சாரத்தை நிறுத்தினால் கதிர்வீச்சும் நின்றுவிடும்.

ஆனால் கழிவில் கரைந்திருக்கும் உப்பைக் கற்றை நீக்குவதே இல்லை. திருப்பூரில் 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிடும் வரை போன சிக்கலில் கரைந்த உப்புக்குப் பெரிய பங்குண்டு. அங்கே சவ்வூடு பரவலும் ஆவியாக்கிகளும் இல்லாமல் முடியாது. சவ்வில் படியும் கரிமப் பசையைக் கற்றையால் முன்கூட்டியே குறைக்க முடியுமா என்பதே ஆராயத் தகுந்த கேள்வி. ஆய்வாளர்கள் ஆலையிலிருந்து நேரே எடுத்த கழிவில் சோதித்து, நிறநீக்க விழுக்காட்டின் பக்கத்திலேயே எஞ்சிய கரிமத்தையும் ஒரு கன மீட்டருக்கு ஆன மின்சாரத்தையும் வெளியிட வேண்டும்.