காங்கேசன்துறையோடு நின்றுவிடும் நீலக் கோடு

கூகுள் மேப்ஸில் புறப்படும் இடம் யாழ்ப்பாணம், சேரும் இடம் நாகப்பட்டினம் என்று கொடுத்துக் காரின் படத்தை அழுத்தினால், செயலி கையை விரித்துவிடுகிறது. வழி இல்லையாம். காங்கேசன்துறையிலிருந்து ஏறத்தாழ 110 கிலோமீற்றர், கப்பலில் நான்கு மணி நேரம், அவ்வளவுதான் தூரம். ஆனாலும் வீதியை மட்டுமே வழியாக எண்ணும் மென்பொருளுக்கு உலகம் காங்கேசன்துறைக் கடற்கரையோடு முடிந்துபோகிறது.

சூரிச், பாரிஸ், ரொறன்ரோ என்று பரந்திருக்கும் யாழ்ப்பாணக் குடும்பங்கள் விடுமுறைக்கு ஊர் வரும்போது இப்போதெல்லாம் ஒரு நாட்டோடு நிறுத்திக்கொள்வதில்லை. நல்லூர், நயினாதீவு, நெடுந்தீவு பார்த்த கையோடு வேளாங்கண்ணி, தஞ்சாவூர், சிதம்பரம் என்று டெல்டாவையும் ஒரு சுற்றுச் சுற்றிவர ஆசைப்படுகிறார்கள். குடாநாட்டில் வாடகைக் காரும் பஸ்ஸும், கடலுக்குக் கப்பல், தமிழ்நாட்டில் ரயில், திருச்சியிலிருந்து பலாலிக்கு விமானம். கையிலிருக்கும் தொலைபேசி இந்தச் சுற்றை எவ்வளவு தூரத்துக்குத் திட்டமிட்டுத் தரும் என்பதுதான் இங்கே பரிசோதனை. முதன்மையாக கூகுள் மேப்ஸ், அதற்குத் துணையாக ஓர்கானிக் மேப்ஸ்.

கார் என்று வந்துவிட்டால் கூகுளைக் குறை சொல்ல அதிகம் இல்லை. கட்டுநாயக்கவிலிருந்து ஏ9 வீதியால் வருவதா, மன்னார்ப் பக்கமாகப் போய்ப் பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் வழியாக வருவதா என்ற கேள்விக்கு இரண்டு வழியையும் நேரத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. 2011 தொடக்கத்தில் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலம் மேற்குக் கரைப் பயணத்தின் கணக்கையே மாற்றிய பாலம். செயலி அதைச் சரியாகப் பயன்படுத்துகிறது. ஒரே பயணத்தில் ஒன்பது நிறுத்தங்கள் வரை சேர்க்கலாம். நல்லூர், கோட்டை, பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு, குறிகட்டுவான் என்று வரிசையாகப் போட்டுவிட்டு விரலால் மேலும் கீழும் இழுத்து மாற்றிப் பார்ப்பது உண்மையிலேயே சுகமான வேலை.

அதே வரிசையைப் பொதுப் போக்குவரத்துக்கு மாற்றினால் சுகம் போய்விடும். பஸ், ரயில் வழிகளில் இடைநிறுத்தங்களைச் சேர்க்கும் வசதி கூகுளில் இல்லை. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே தேடி, நேரத்தைக் காகிதத்தில் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தக் குறை நீடிப்பது, இந்தச் செயலியை வடிவமைப்பவர்கள் பஸ்ஸில் ஊர் சுற்றுபவர்களா என்ற ஐயத்தைக் கிளப்புகிறது.

குடாநாட்டில் சிக்கல் இன்னும் ஆழமானது. கூகுள் பஸ் நேரத்தைத் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. போக்குவரத்து நிறுவனம் தன் நேர அட்டவணையை ஜி.டி.எஃப்.எஸ். என்ற பொது வடிவத்தில் கோப்பாக்கிக் கொடுத்தால்தான் அது திரையில் வரும். 2005இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய ஏற்பாடு அது. இ.போ.ச. பஸ்ஸுக்கு முன்னும் பின்னும் தனியார் மினிபஸ்கள் ஓடும் யாழ்ப்பாணத்தில் அப்படியொரு கோப்பை நம்பிப் பயணம் போட முடியாது. குறிகட்டுவானுக்குப் போகும் 776ஆம் இலக்க பஸ் எத்தனை மணிக்கு எடுக்கும் என்பதை அறிய இன்றைக்கும் சிறந்த வழி, மத்திய பஸ் நிலையத்தில் நிற்கும் நடத்துநரைக் கேட்பதுதான். அவர் சொல்லும் பதிலில் கூகுளிடம் இல்லாத ஒன்றும் சேர்ந்து வரும்: அந்த பஸ்ஸில் போனால் எந்தப் படகைப் பிடிக்கலாம்.

சூரிச்சில் வளர்ந்த பிள்ளைக்கு இது புரியக் கொஞ்ச நேரம் எடுக்கும். அங்கே சுவிஸ் ரயில்வேயின் எஸ்.பி.பி. செயலியில் ரயில், ட்ராம், பஸ், ஏரிப் படகு எல்லாம் ஒரே தேடலில் வந்து விழும்.

தீவுப் பயணத்தில் படகுதான் எசமான். நயினாதீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து படகுகள் அடிக்கடி போய்வரும், கவலையில்லை. நெடுந்தீவு அப்படியில்லை. கடலில் ஒரு மணி நேரப் பயணம், நாளுக்குச் சில சேவைகள் மட்டும். திரும்பும் கடைசிப் படகைத் தவறவிட்டவர் அன்றிரவு தீவில்தான் தங்க வேண்டும். குமுதினியா, வடதாரகையா, தனியார் படகா என்று ஊரவர்கள் படகின் பெயரை வைத்தே நேரத்தைப் பேசிக்கொள்கிறார்கள். செயலியோ வெள்ளையர் கட்டிய கோட்டைக்கும் பெருக்க மரத்துக்கும் நட்சத்திர மதிப்பீடு காட்டிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து எப்போது கிளம்ப வேண்டும் என்பதைச் சொல்வதில்லை.

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் ஓடும் பாதை இதைவிடச் சின்ன விசயம், ஆனால் நல்ல சோதனை. மிதவை ஒன்றில் ஆளையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு, கடற்கோட்டையைப் பார்த்தபடி அந்தக் குறுகிய நீர்ப்பரப்பைக் கடந்துவிடலாம். இந்தப் பாதை ஓடுகிறதா இல்லையா என்பதைப் பொறுத்து ஒரு முழு நாளின் திட்டம் மாறும். ஓடினால் தீவுப் பகுதியை வட்டமடித்துத் திரும்பலாம். ஓடாவிட்டால் வந்த வழியே யாழ்ப்பாணம் நகருக்குப் போய்ப் பண்ணையால் மறுபடி உள்ளே வர வேண்டும். காற்று பலமான நாளில் என்ன நடக்கும் என்பதைத் துறையில் நிற்பவரிடம்தான் கேட்க முடியும்.

இந்த இடத்தில் ஓர்கானிக் மேப்ஸ் கைகொடுக்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன்னார்வலர்கள் வரைந்த தரவில் இயங்கும் இலவசச் செயலி. விளம்பரம் கிடையாது, 2021இல் மேப்ஸ்.மீயிலிருந்து கிளைபிரிந்தது. இலங்கையையும் தமிழ்நாட்டையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலே தேடவும் நடக்கவும் வழி சொல்லும். கூகுளிலும் வரைபடத்தை இறக்கி வைக்கலாம்தான். ஆனால் இணையம் போனதும் அதில் காருக்கான வழி மட்டுமே மிஞ்சும். நடை வழியும் பஸ் வழியும் மறைந்துவிடும். நெடுந்தீவில் சிக்னல் தடுமாறும்போது இந்த வித்தியாசம் கண்ணில் அறையும். நெரிசல் விவரம் ஓர்கானிக்கில் இல்லை. உணவகங்களைத் தேடுவதிலும் கூகுளுக்குக் கிட்ட அது வராது.

இனிக் கடல். 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி செரியபாணி என்ற கப்பல் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைச் சேவையைத் தொடங்கி, சில நாட்களிலேயே நிறுத்திக்கொண்டது. 2024 ஓகஸ்ட் 16ஆம் திகதி 150 பேர் அமரக்கூடிய சிவகங்கை வந்தது. அதுவும் மாரிக் கடலுக்காக நின்று, 2025 பெப்ரவரி 22இல்தான் மறுபடி ஓடியது. ஆக, ஒக்டோபருக்கும் பெப்ரவரிக்கும் இடையில் பயணம் வைப்பவர்கள் கப்பலை நம்பி மற்ற ரிக்கெற்றுகளை எடுக்கக் கூடாது. மார்கழி விடுமுறைதான் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வசதி என்பது இதிலுள்ள இக்கட்டு.

சிவகங்கையில் கார் ஏறாது. யாழ்ப்பாணத்தில் எடுத்த வாடகைக் காரை யாழ்ப்பாணத்திலேயே விட வேண்டும். சொந்த வாகனத்தில் நாடு நாடாகப் போகும் ஐரோப்பியர்களுக்கு கார்னே என்ற சுங்கப் பத்திரம் உண்டு, இரண்டு நாடும் அதைக் கேட்கும். கப்பலே ஏற்றாதபோது நம்மவருக்கு அந்தப் பேச்சு வீண். ஆகவே இது இரண்டு தனிப் பயணங்கள், நடுவில் ஒரு கடல். இந்திய ஈ-விசா குறிப்பிட்ட நுழைவிடங்களில்தான் செல்லும் என்பதால், போகும் துறைமுகமோ விமான நிலையமோ அந்தப் பட்டியலில் உண்டா என்று பார்த்துவிட்டே ரிக்கெற் எடுப்பது புத்தி. இலங்கையில் தானே ஓட்ட நினைப்பவருக்கும் சர்வதேச அனுமதிப்பத்திரம் மட்டும் போதாது. அதற்கு உள்ளூர் ஒப்புதல் தேவை. 2025 ஓகஸ்டிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே தற்காலிக அனுமதிப்பத்திரம் வழங்குகிறார்கள். எந்த வரைபடச் செயலியும் இவற்றில் ஒன்றைக்கூட எச்சரிப்பதில்லை.

செயலிகள் இன்று செய்யாததை 1914இல் ஒரு துண்டுக் காகிதம் செய்தது. கொழும்பு கோட்டையில் வாங்கிய ஒரே ரிக்கெற்றில் தலைமன்னார் வரை ரயில், தனுஷ்கோடி வரை கப்பல், பிறகு சென்னை வரை மறுபடி ரயில். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னரும் இராமேஸ்வரம்–தலைமன்னார்க் கப்பல் எண்பதுகள் வரை ஓடியது.

நாகப்பட்டினத்தில் இறங்கியதும் தொலைபேசிக்கு உயிர் வந்துவிடுகிறது. வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் பஸ், திருவாரூர் வழியாகத் தஞ்சாவூருக்கு ரயில். ரயிலுக்கு வேர் இஸ் மை ட்ரெயின் செயலியைப் போடுவது நல்லது. 2018இல் கூகுள் வாங்கிய அந்தச் செயலி, இணையமோ ஜி.பி.எஸ்ஸோ இல்லாமல் செல்பேசிக் கோபுரங்களை வைத்தே ரயில் எங்கே நிற்கிறது என்று கணிக்கும்.

கூகுள் மேப்ஸை வழிகாட்டியாக நினைத்தால் ஏமாற்றம். குறிப்பேடாக நினைத்தால் இந்தப் பயணத்துக்கு அதைவிட நல்ல கருவி இல்லை. இரண்டு நாட்டு இடங்களையும் ஒரே பட்டியலில் சேமித்து, ஒவ்வொன்றின் கீழும் குறிப்பு எழுதி, குடும்பத்தோடு பகிரலாம். குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கீழே படகு நேரம், நல்லூருக்குக் கீழே திருவிழா நடக்கும் 25 நாளும் கோயிலைச் சுற்றி வாகனம் போகாது என்ற குறிப்பு, காங்கேசன்துறைக்குக் கீழே கப்பல் நிறுவனத்தின் தொலைபேசி எண். கப்பல் நாளை முதலில் உறுதி செய்து, அதற்கு முன்னும் பின்னுமாக மற்றவற்றை அடுக்குவதே சரியான வரிசை. இதையெல்லாம் எழுதிக்கொள்வது மனித வேலைதான்.

திரும்பும் வழியை 2025 மார்ச் 30இல் இண்டிகோ தொடங்கிய திருச்சி–யாழ்ப்பாணம் விமானம் சுருக்கிவிட்டது. அதில் பலாலி வந்திறங்கி வெளியே வந்தால் செயலிக்கு இன்னொரு சோதனை. சுற்றிலும் உள்ள நிலம் நீண்ட காலம் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்தது. வசாவிளான்–பலாலி வீதி 2025 ஏப்ரலில்தான் மக்களுக்குத் திறந்தது. அப்போது காலை 6 முதல் மாலை 5 மணி வரை மட்டும், நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்ற நிபந்தனைகளோடு. ஏற்ற வரும் ஹையேஸ் சாரதிக்கு இது அத்துப்படி. தானே கார் எடுத்து ஓட்டுபவர் திரையின் நீலக் கோட்டைத் தொடருமுன் வீதியோரப் பலகையை வாசித்துக்கொள்ளட்டும்.