கேட்ட குரலும் கேளாத குரலும்

இளமையிற் கேட்ட பாடலைத் திறனாய்வது எளிதன்று. பாடல் ஒலிக்கத் தொடங்கியதும் அன்றைய தெருவும் அன்றிருந்த உறவினரும் உடன்வந்து நிற்கின்றனர். நாம் புகழ்வது பாடலையா, கழிந்த பருவத்தையா என்று பிரித்தறிதல் வேண்டும். அந்தச் சோதனையை அண்மையில் எனக்கு நானே நடத்திக்கொண்டேன்.

கடலூர் முதுநகரில் எங்கள் இளமைக் காலத்தில், திருமண வீடு எதுவென்று ஊருக்குச் சொன்னது பந்தலன்று. ஒலிபெருக்கியில் எழுந்த நாகூர் ஈ. எம். ஹனீபாவின் குரல். 1925இல் பிறந்து 2015இல் மறைந்த அவர், இசையை முறைப்படி பயின்றவரல்லர். ஆயினும் உச்சத்தில் நின்றபோதும் சொல் சிதையாத குரல் அவருக்கு வாய்த்திருந்தது.

1970களின் நடுவில் நாள்தோறும் இரயிலேறிச் சென்று சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பயின்றேன். இசைக் கல்லூரியைக் கடந்து எத்தனையோ முறை நடந்திருப்பேன். ஒருநாளும் நின்று கேட்டதில்லை. அங்கே பேராசிரியராக விளங்கிய எம். எம். தண்டபாணி தேசிகர் 1972இல் மறைந்துவிட்டார். அவர் பாடிய பாடலொன்றைக் கேட்டுப்பார்க்கும் ஆவல்கூட எனக்கு எழவில்லை. ‘அது பிறர் இசை’ என்னும் எண்ணம் காதை அடைத்திருந்தது.

அரை நூற்றாண்டுக்குப் பின் ஹனீபாவின் பாடல்களை வரிசையாகக் கேட்டேன். பாதிப் பாடல்கள், பழைய நினைவின் துணையின்றித் தாமே நிற்கவில்லை. குறை குரலில் இல்லை, மெட்டில் இருந்தது. இந்தித் திரைப்பாடலின் மெட்டிலே தமிழ்ச் சொற்களைப் பொருத்தும்போது குறில் நீள்கிறது, நெடில் குறுகுகிறது, பொருள் முடியுமுன் இசை முடிந்துவிடுகிறது. கருத்து உயர்ந்தது என்பதால் இக்குறையைப் பற்றி நாம் வாய்திறந்ததில்லை.

ஆனால், இறைவனிடம் கையேந்துமாறு அழைக்கின்ற அந்தப் பாடல், அன்றினும் இன்று உயர்ந்து நிற்கிறது. ஆர். அப்துல் சலாம் எழுதியது அது. எளிய சொற்கள், ஒவ்வொன்றும் நெஞ்சில் தங்குவதற்கு வேண்டிய இடைவெளி, பிறருக்கு அறிவுரை கூறுபவராக அன்றித் தாமும் கேட்டு நிற்பவராகப் பாடும் அடக்கம்.

அந்தத் தெளிவை வேறெங்குக் காணலாம் என்று தேடியபோதுதான் தேசிகரிடம் வந்துசேர்ந்தேன். 1942இல் வெளிவந்த ஜெமினியின் ‘நந்தனார்’ படத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரின் பாடலை அவர் பாடியிருக்கிறார். தில்லையைக் காண ஏங்கிச் சாதியினால் தடுக்கப்பட்ட ஒருவரின் முறையீடு அது. நம் வழிபாடு வேறு. எனினும் வாசலில் நிறுத்தப்பட்டவனின் துயரை உணர்வதற்கு அது தடையாகுமா? அங்கே இராகம் சொல்லிலிருந்தே கிளம்புகிறது. ஏக்கம் நீளுமிடத்தில் இசையும் நீள்கிறது. இன்று நான் பெரிதும் விரும்பிக் கேட்பது இக்குரலையே. இளமையில் ஹனீபாவிடம் நான் விரும்பியதும் இந்தச் சொல்வன்மையையே என்பது இப்போதுதான் விளங்குகிறது.

அன்றைய இரயில் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே பரங்கிப்பேட்டையில் நிற்கும். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தைப் போற்றி ஆதரித்த வள்ளல் அபுல்காசிம் மரைக்காயரின் ஊர் அது. முனாஜாத்து, கிஸ்ஸா, நாமா, படைப்போர் என இலக்கிய வகைகளைத் தமிழுக்குத் தந்தது நம் சமுதாயம்; குணங்குடி மஸ்தான் சாகிபின் கண்ணிகளும் நம்மிடம் உண்டு. ஆகவே, சொல்லுக்கு வறுமை இல்லை. அச்சொல்லுக்கென்றே இசையமைப்பவர்களைத்தான் நாம் போதிய அளவு வளர்க்கவில்லை. பாட்டெழுதியவர்களின் பெயர்களையும் காக்கத் தவறினோம்.

சென்ற மாதம் ஒரு நிக்காஹ் வீட்டில் அப்துல் சலாமின் அப்பாடலை ஓர் இளைஞர் நன்றாகவே பாடினார். “எழுதியவர் யார் தம்பி?” என்று கேட்டேன். “ஹனீபா பாட்டுங்க” என்றார். அவரைக் குறைகூற எனக்கு வாய் வரவில்லை. அவர் வயதில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். கவிஞரின் பெயரை ஒரு தாளில் எழ்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.