காலி எண்கள்

மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட வகைப்பாட்டு நூல் வெறும் 44 பக்கம். ஆசிரியர் பெயர் போடாமலே வந்தது. அமெரிக்காவின் அம்ஹர்ஸ்ட் கல்லூரி நூலகத்துக்காக 24 வயது இளைஞர் போட்ட கணக்கு அது: உலகத்து அறிவையெல்லாம் பத்தாகப் பிரி, ஒவ்வொன்றையும் மறுபடி பத்தாக்கு, அதையும் பத்தாக்கு. ஆக எண்ணிட்ட ஆயிரம் வீடுகள். நூலக இயல் படித்தவர்கள் அந்த ஆயிரத்தின் ஒழுங்கை மெச்சுவார்கள். எனக்கு அதில் காலியான வீடுகளைப் பார்ப்பதில்தான் ருசி.

முதலில் 130 வரிசைக்கு வாருங்கள். பழைய பதிப்புகளில் 133 மாந்திரீகத்துக்கும் சூனியத்துக்கும் உரியது. 134 மெஸ்மரிசத்துக்கு. 135இல் உறக்கமும் கனவும். 138இல் முகத்தைப் பார்த்துக் குணம் சொல்லும் சாத்திரம், 139இல் மண்டையோட்டின் மேடுபள்ளத்தைத் தடவிக் குணம் சொல்லும் சாத்திரம். பத்தொன்பதாம் நூற்றாண்டு மனிதன் மனத்தைப் பற்றி என்னவெல்லாம் நம்பினான் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான வரலாறு வேண்டியதில்லை. இதில் 134 இன்று காலி. ஆனால் மண்டையோட்டுச் சாத்திரம் அறிவியலில் செல்லாக்காசாகி எத்தனையோ காலம் ஆன பிறகும் 139ஐ விடவில்லை. புத்தகம் இருக்கிறதே, அதை எங்காவது வைத்தாக வேண்டும்! உண்மையா பொய்யா என்று தீர்ப்பளிப்பது வகைப்பாட்டின் வேலையல்ல.

கொஞ்சம் தள்ளி 150. அங்கே மனத்தின் ஆற்றல்கள் ஒவ்வொன்றுக்கும் தனி வீடு: நினைவுக்கு 154, கற்பனைக்கு 155, கோடியில் 159 சங்கற்பத்துக்கு, அதாவது ஒன்றைச் செய்தே தீருவேன் என்று மனிதன் கொள்ளும் உறுதிக்கு. பிறகு உளவியல் சோதனைச்சாலைக்குள் போனது. இந்த வரிசை பழங்கதை ஆயிற்று. 1965இல் வந்த 17ஆம் பதிப்பில் உளவியலை அடியோடு பிரித்துக் கட்டினார்கள். இன்று நினைவு 153.1, கற்பனை 153.3, சங்கற்பம் 153.8. தனித்தனி வீட்டில் இருந்தவர்களை ஒரே வீட்டின் அறைகளில் அடைத்தாயிற்று. 154இல் இப்போது ஆழ்மனம் குடியிருக்கிறது. கற்பனை இருந்த 155இல் குழந்தை உளவியல் நுழைந்துவிட்டது. அந்த மாற்றம் மட்டும் எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. 159க்கு யாரும் வரவில்லை.

அந்த 159க்கு இன்னொரு கதையும் உண்டு. பெல்ஜியத்தில் பால் ஓட்லேயும் ஆன்றி லா ஃபோன்டேனும் 1895 முதல் டூயியின் அட்டவணையை வாங்கி விரித்துக் கட்டியதுதான் அனைத்துலகத் தசம வகைப்பாடு. அதில் உளவியல் முழுவதும் 159.9 என்ற ஒரே எண்ணுக்குள் இருக்கிறது. அமெரிக்கப் பிறவியில் பூட்டிக் கிடக்கும் வீடு, ஐரோப்பியப் பிறவியில் நெரிசல் தாங்காத கூட்டுக்குடும்பம். ஐரோப்பியர்கள் இன்னொன்றும் செய்தார்கள்: 1960களில் மொழியியலை 4ஆம் வகுப்பிலிருந்து எடுத்து இலக்கியத்தோடு 8இல் சேர்த்தார்கள். அன்று ஒழிந்த 4 இன்றுவரை ஒழிந்தே இருக்கிறது. பத்தில் ஒரு பங்கை அப்படியே போட்டுவைக்கத் தனித் துணிச்சல் வேண்டும்.

டூயி அட்டவணையில் காலி எண்ணை அழித்துவிடுவதில்லை. சதுர அடைப்புக்குறிக்குள் எண்ணைப் போட்டு, ஒதுக்கப்படவில்லை என்று எழுதி, கடைசியாக எந்தப் பதிப்பில் வழக்கில் இருந்தது என்ற குறிப்பையும் சேர்ப்பார்கள். எண்ணை உடனே வேறு பொருளுக்குக் கொடுத்தால் பழைய புத்தகமும் புதுப் புத்தகமும் ஒரே தட்டில் மோதிக்கொள்ளும். அதனால் சில காலம் எண்ணைப் பட்டினி போடுவது இத்துறையின் வழக்கம். நடைமுறைக்காக ஏற்பட்ட ஏற்பாடுதான். ஆனாலும் பாருங்கள், 396 என்ற காலி எண்ணை. ஒரு காலத்தில் பெண்களின் நிலைமை பற்றிய நூல்கள் அங்கே இருந்தன. பக்கத்து வீடு 395, நாகரிக நடத்தை. மறுபக்கம் 397, ஜிப்சிகளும் ஒதுக்கப்பட்ட இனங்களும். அதையடுத்து 398, நாட்டார் கதைகள். யாரும் வசைச்சொல் எழுதவில்லை. அக்கம்பக்கமே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. பெண்கள் பற்றிய நூல்கள் இப்போது சமூகக் குழுக்களோடு 305.4இல். 396, 397 இரண்டும் அடைப்புக்குறிக்குள்.

கணினியின் அலைச்சல் வேறு ரகம். கணிதத்தில் ஒரு மூலை, மின்பொறியியலில் ஒரு மூலை, அலுவலக வேலையில் ஒரு மூலை என்று ஒண்டுக்குடித்தனம் செய்தது. 1971இல் 001.6 கிடைத்தது. 1985இல்தான் அதுவரை சும்மா கிடந்த 004 முதல் 006 வரை தன் பெயருக்கு வாங்கியது.

இப்படி இடமில்லாமல் திண்டாடும் கதை சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ்.ஆர்.ரங்கநாதனுக்கு நன்றாகத் தெரியும். சீர்காழிக்காரர், கணித ஆசிரியராக இருந்தவர். 1933இல் அவர் வெளியிட்ட கோலன் வகைப்பாடு வீடுகளைக் கட்டி வைக்கவில்லை. கூறுகளைக் கொடுத்து, எண்ணை அவ்வப்போது கோத்துக்கொள்ளச் சொன்னது. கோக்கும் நூல் முக்காற்புள்ளி, ஆங்கிலத்தில் கோலன். முறைக்குப் பெயரே அதனால்தான். பாரதி கவிதைகளுக்கு எண் போட்டுப் பார்க்கலாம். இலக்கியத்துக்கு ஆங்கில எழுத்து ஓ. தமிழுக்கு 31. ஒரு காற்புள்ளி. கவிதைக்கு 1. பிறகு எம்82. எம் என்றால் 1800களின் நூற்றாண்டு. 82 சேர்ந்தால் 1882, பாரதி பிறந்த ஆண்டு! ஷேக்ஸ்பியருக்கு இதே கணக்கில் ஜே64. பெயரைச் சொல்லாமல் பிறப்பைக் கொண்டே கவிஞனை நிறுத்தும் இந்த இடத்தில் எத்தனை முறை நின்றாலும் அலுக்காது. கி.பி. முதல் ஆயிரம் ஆண்டுகளுக்கு மட்டும் டி என்ற ஒரே எழுத்துதான். காலம் எது என்று புலவர்கள் சண்டை போடும் நம் பழைய நூல்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அந்தக் காற்புள்ளி 1933இல் கிடையாது. 1952இல் வந்த நான்காம் பதிப்பில்தான் காற்புள்ளியும் அரைப்புள்ளியும் முற்றுப்புள்ளியும் சேர்ந்தன. பெயர் கொடுத்த முக்காற்புள்ளிக்கு, அவர் வகுத்த ஐந்து கூறுகளில் ஒன்றான செயலைக் குறிக்கும் வேலை மட்டும் மிஞ்சியது. இதைவிட நுட்பம் 9இல் இருக்கிறது. ஒரு வரிசையில் 1 முதல் 8 வரைதான் பொருள் உண்டு. 9க்கு என்று தனிப்பொருள் கிடையாது. எட்டு இடமும் நிரம்பினால் 91, 92 என்று அடுத்த கட்டு தொடங்கும். டூயியின் வீடுகள் காலத்தால் காலியானவை. ரங்கநாதன் ஒன்றை முதலிலேயே காலியாக வைத்தே கட்டினார்.

அவர் 1972இல் காலமானார். ஏழாம் பதிப்பு எம்.ஏ.கோபிநாத் பதிப்பித்து 1987இல் வந்தது. மாற்றங்கள் ஏராளம். அத்தனை புத்தகங்களின் முதுகிலும் எண்ணை அழித்து எழுத யாரால் முடியும்? இந்திய நூலகங்கள் பல 1960இன் ஆறாம் பதிப்போடு நின்றுகொண்டன.