எந்தத் தோட்டம்? பேராக்கின் வாய்வழி இடப்பெயர்கள்

ஈப்போவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுண்ணாம்புக்கல் குன்று ஒன்று செங்குத்தாக எழுந்து நிற்கும். எல்லாமே கல்தான். ஆனால் தமிழர் வாயில் ‘கல்லுமலை’ என்று வந்தால் அது ஒன்றே ஒன்றைத்தான் குறிக்கும். தைப்பூசத்தன்று புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து காவடிகள் போய்ச் சேரும் முருகன் மலை அது. வரைபடத்தில் அதன் பெயர் குனோங் சீரோ. மற்றக் குன்றுகளில் முருகன் குடியேறவில்லை. ஆகவே அவற்றுக்குத் தமிழ்ப் பெயரும் வரவில்லை.

இந்த மலை ஒரு கணக்கிலும் இடம்பெறுகிறது. கோலாலம்பூருக்கு அருகிலுள்ள பத்துமலையில் வரும் ‘பத்து’ மலாய்ச் சொல். கல் என்று பொருள். தமிழ்க் காதுக்கு அது எண்ணாகவே விழுந்தது. எண் என்றானபின் பத்து எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமல்லவா? தாய்நாட்டில் ஆறுபடைவீடு, மலேசியாவில் பினாங்குத் தண்ணீர்மலை, ஈப்போ கல்லுமலை, மலாக்கா சன்னாசிமலை, இதோ இந்தப் பத்துமலை, ஆக மொத்தம் பத்து. சொல்லாராய்ச்சி இதைப் பிழை என்று ஒதுக்கும். நிலத்தின் கதையைத் திரட்டுகிறவர் அப்படி ஒதுக்கக் கூடாது. கடல் கடந்து வந்த மக்கள் இரண்டு நாட்டு மலைகளையும் ஒரே வரிசையில் அடுக்கிக்கொண்ட விதம் அந்தக் கணக்கில்தான் பதிவாகியிருக்கிறது.

1973 அக்டோபரில் இதே குனோங் சீரோவிலிருந்து பெரும்பாறை சரிந்து அடிவாரத்து நீள்வீட்டின் மேல் விழுந்தது. சுமார் 40 பேர் மாண்டார்கள். எனக்குத் தெரிந்த முதியவர் ஒருவர் நேர்த்திக்கடனைப் பேசும்போது ‘கல்லுமலை’ என்பார். அந்தச் சாவைப் பேசும்போது மட்டும் ‘சீரோ’ என்பார். ஒரே மலைக்கு இரண்டு பெயர், இரண்டு நினைவு. பெயர்ப்பட்டியல் போடுகிறவர் இதில் ஒன்றை ‘மாற்றுப்பெயர்’ என்று அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டால் அந்த மனிதர் சொன்னதில் பாதி போய்விடும்.

நகரத்தை விட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்தால் பெயர்களின் நிலைமை வேறு. 1877-இல் கோலகங்சாரில் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ நட்ட ஒன்பது ரப்பர்க் கன்றுகளில் தொடங்கிய கதை, அடுத்த 50 ஆண்டுகளில் பேராக் முழுவதும் பால்மரக் காடாக விரிந்தது. காட்டை வெட்டியவர்களும் மரம் சீவியவர்களும் பெரும்பாலும் தமிழர். பெயர் வைத்தவர்கள் துரைமார். கிந்தா கெல்லாஸ் என்ற தோட்டப் பெயரில் முதற்பாதி இங்குள்ள ஆறு. பிற்பாதி ஸ்காட்லாந்தில் அத்தோட்டத்துத் துரை வில்லியம் கெல்லி ஸ்மித்தின் சொந்தக் கிராமம். பத்து காஜா அருகே அவர் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட மாளிகையைப் பார்க்க இன்றும் கூட்டம் வருகிறது. வேலையாட்களை நோய் வாரிக்கொண்டு போன காலத்தில் அவர்கள் கேட்டதற்கு இணங்கி அவர் கட்டிக்கொடுத்த மாரியம்மன் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் கூரையில் சாமிகளோடு அவர் உருவமும் நிற்கிறது.

எல்பில், டோவன்பி, ஹீவுட், நோவா ஸ்கோஷியா, பிளமிங்டன், செர்சோனீஸ், ஸ்ட்ராத்தைலா. இவை எந்த ஊர்ப் பெயர்கள் என்று மலேசியத் தமிழரிடம் கேட்டால் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்கள் என்பார். பேராக்கில் 130-க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் கணிசமானவை இன்றும் ‘தோட்டத் தமிழ்ப்பள்ளி’ என்ற பெயரோடுதான் நடக்கின்றன. சில இடங்களில் தோட்டம் போய்விட்டது, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிந்துவிட்டன, பள்ளியே வேறு இடத்துக்கு மாறிவிட்டது. பெயர்ப்பலகை மட்டும் பழைய நிலத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது. துரைமார் வைத்த பெயர்களை இந்த மண்ணில் கடைசிவரை காத்து நிற்பது தமிழ்ப்பள்ளிகள்தான்.

பாரிட் வட்டாரத்தில் கிளெனீலி என்ற தோட்டத்தின் பெயரில் ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. அயர்லாந்தின் விக்லோ மாவட்டத்திலும் கிளெனீலி என்று ஓர் ஊர் உண்டு. ‘கிளென்’ என்பது கேலிக் மொழியில் பள்ளத்தாக்கு. ஐரிஷ் மொழியில் வேறு எழுத்தும் வேறு ஒலியுமாக இருந்த பெயர் அது, ஆங்கிலேயர் காதுக்கு ஏற்ப இப்படித் திரிந்தது. 1824-இல் பிரிட்டிஷ் இராணுவத்தின் நில அளவைத் துறை அயர்லாந்தை அளக்கத் தொடங்கியபோது, ‘டவுன்லேண்ட்’ எனப்படும் சிறுசிறு நிலப்பிரிவுகள் 60,000-க்கும் மேற்பட்டவற்றுக்கு ஆங்கில எழுத்தில் பெயர் எழுத வேண்டியிருந்தது. 1830-இல் அந்தப் பணியில் சேர்ந்த ஜான் ஓடனவன் ஊர் ஊராக நடந்து, ஐரிஷ் பேசும் முதியவர்களிடம் உச்சரிப்பையும் பொருளையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். வரைபடத்தில் ஏறியது ஆங்கில வடிவம். ஆனால் பெயரேடுகளிலும் அவர் தலைமையகத்துக்கு எழுதிய கடிதங்களிலும் மூல ஒலி தங்கிவிட்டது. பின்னாளில் ஐரிஷ் அரசு இடப்பெயர் ஆணையம் அமைத்ததற்கும், 2008-இல் இணையத்தில் தரவுத்தளம் திறந்ததற்கும் அந்தக் குறிப்புகள் பெரிய துணையாயின. டிம் ராபின்சன் என்ற ஆங்கிலேயர் 1972-இல் அரன் தீவுகளில் குடியேறி, பாறை பாறையாக நடந்து, மீனவர்களிடமும் ஆடு மேய்ப்பவர்களிடமும் கேட்டுத் தனியாளாக வரைபடம் வரைந்தார். பெயர்களை அழித்த அதே அளவைப் பணி அவற்றைக் குறித்தும் வைத்தது என்பதுதான் அயர்லாந்துக் கதையில் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது. மலாயாத் தோட்ட வரைபடங்களில் டிவிஷனுக்கு எண் வந்தது. மண்டோரிடம் கேட்டு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் பெயர் எழுதும் வழக்கம் வரவில்லை.

இடப்பெயர்களைத் திரட்டும் துறையில் நம்மிடம் எதுவுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். எஸ். துரைராஜசிங்கம் என்ற பள்ளி ஆசிரியர், பின்னாளில் ஆனந்த குமாரசாமி பற்றிய ஆவணங்களைத் திரட்டியதற்காக அறியப்பட்ட ஈழத்தமிழர், மலாயாவின் தெருப்பெயர்களை விளக்கி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1939-இல் ஈப்போவில்தான் அச்சானது. ஊர்ப்பெயர்களைப் பற்றியும் எழுதினார். அவருடைய உழைப்பை வியக்காமல் இருக்க முடியாது. ஆனால் தெருவுக்குப் பெயர் தருகிறவர்கள் ஆட்சியாளர்கள். அவர் நூலில் நடமாடுகிறவர்களும் பெரும்பாலும் ரெசிடெண்டுகளும் அதிகாரிகளும்தான். லயத்துக்குள் அந்த நூல் நுழையவில்லை. அதற்கு 34 ஆண்டு முன்பே, 1905-இல், சிங்கப்பூரிலும் தீபகற்பத்திலும் சீனர்கள் தெருக்களையும் இடங்களையும் எப்படி அழைத்தார்கள் என்பதை பர்ம்ஸ்டன் என்பவர் ஓர் ஆய்விதழில் பட்டியலிட்டிருந்தார். அரசின் பெயர் வேறு, மக்களின் பெயர் வேறு என்பது அப்போதே தெரிந்த விஷயம்தான்.

தமிழ்நாட்டுப் பக்கம் ரா. பி. சேதுப்பிள்ளையின் ‘ஊரும் பேரும்’ 1946-இல் வந்தது. கி. நாச்சிமுத்து ‘தமிழ் இடப்பெயராய்வு’ என்று இத்துறைக்கு முறையான இலக்கணமே வகுத்துத் தந்தார். இவற்றை வைத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போனால் முதல் அடியிலேயே தட்டும். சேதுப்பிள்ளைக்குக் கல்வெட்டு இருந்தது, தேவாரம் இருந்தது. தோட்டத்தில் இருப்பது வாய் ஒன்றுதான்.

ஆனாலும் பெயரைச் சிறப்புக்கூறு, பொதுக்கூறு என்று பிரித்துப் பார்க்கும் இடப்பெயராய்வு முறை இங்கே ஓர் அரிய உண்மையைக் காட்டிக்கொடுக்கிறது. பழைய தோட்டத்துக்காரர் யாரிடம் பேசினாலும் வரும் பொதுக்கூறுகளைப் பாருங்கள். லயம், நிரை, மேடு, பள்ளம், கட்டை, சடக்கு, அல்லூர், ஸ்டோர், கொட்டகை, கம்பம். லயம் ஆங்கில ‘லைன்’ தந்தது. அல்லூரும் (வாய்க்கால்) கம்பமும் (கிராமம்) மலாயிலிருந்து வந்தவை. சடக்கு என்றால் சாலை. கட்டை என்றால் மைல்கல். மூணாங்கட்டை, ஆறாங்கட்டை என்று சடக்கோரத்து இடங்களுக்கெல்லாம் அதுவே பெயர். இந்த வரிசையில் எது இல்லை? ஊர் இல்லை. பட்டி இல்லை, குடி இல்லை, பாக்கம் இல்லை, நல்லூர் இல்லை. சோழர் காலத்திலிருந்து போன இடமெல்லாம் நல்லூர் வைத்த இனம், நான்கு தலைமுறை உழைத்த நிலத்துக்கு ஒரு ‘ஊர்’ வைக்கவில்லை. காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. நிலம் கம்பெனியுடையது, வீடு கம்பெனியுடையது, வேலை போனால் வீடும் போகும். ‘ஊர்’ என்ற சொல்லைப் பெரியவர்கள் கடலுக்கு அப்பால் இருந்த ஒன்றுக்கே வைத்திருந்தார்கள். ‘ஊருக்குப் போறேன்’ என்றால் கப்பலேறுவது என்று பொருள். தமிழ்நாட்டில் முன்பின் தெரியாத இருவர் சந்தித்தால் ‘எந்த ஊர்?’ என்பார்கள். மலேசியாவில் ஒரு தலைமுறை முன்புவரை கேள்வி ‘எந்தத் தோட்டம்?’ என்றே வந்தது.

உரிமையோடு வைத்த பெயர் சாமியிடம் மட்டும் வந்தது. கல்லுமலை, தண்ணீர்மலை. தோட்டத்துக்குள்ளும் கோயில் மேடு, முனியாண்டி மரம். வேலை முடிந்து கால் கழுவிக்கொண்டு போகும் இடங்களுக்கே அந்தப் பெயர்கள்.

மற்ற பெயர்கள் வேலையின் பெயர்கள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு நிரை தருவார்கள். நானூறு ஐந்நூறு மரம். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் நடக்கிறவருக்கு மேடு எங்கே முடிகிறது, அல்லூரின் மேல் பலகை எங்கே போட்டிருக்கிறது, பாம்பு அடித்தது எந்த வளைவில் என்பதெல்லாம் தெரிந்தாக வேண்டும். அந்தத் தேவையிலிருந்து பிறந்தவை நிரைப் பெயர்கள். கங்காணி பெயரில் லயம். பழைய லயம், புது லயம், மேட்டு லயம். ஒட்டுப்பால் உலர்த்திய ஸ்டோர் பக்கம். ஆயாக் கொட்டகைத் திருப்பம். சில தோட்டங்களில் ரப்பருக்கு முந்திய பயிரின் பெயர் பால்மரத்தின் கீழேயும் காப்பிக்காடாக ஒட்டிக்கொண்டிருந்தது. கிரியான் மாவட்டக் கரையோரத்தில் கூலா என்றொரு தோட்டம். மலாயில் கூலா என்றால் சீனி. அந்த மாவட்டம் ரப்பருக்கு முன் கரும்பு நிலம். தமிழர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே இறங்கியது கரும்பு வெட்டத்தான். கீழ்ப் பேராக்கில், பாகான் டத்தோ, ஊத்தான் மெலிந்தாங், தெலுக் இந்தான் பக்கம், நிலம் கடல்மட்டத்தோடு கிடக்கிறது. 1906-இல் டேனிஷ் பொறியாளர் வெஸ்டன்ஹோல்ஸ் தொடங்கிய ஜெண்ட்ராட்டா முதலான தோட்டங்களில் கால்வாயும் கடல்நீரைத் தடுக்கும் வரப்புமே திசைகாட்டி. மலைத்தோட்டத்துக்காரர் ‘மேலே, கீழே’ என்று வழி சொன்னால், கரையோரத்தார் ‘கடல் பக்கம், சடக்குப் பக்கம்’ என்று சொல்வார்கள்.

இந்தப் பெயர்களுக்கு மூன்று அடி விழுந்தன. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்திலும் அருகிலும் மூன்று துரைமார் கம்யூனிஸ்டுகளால் சுடப்பட்டதை அடுத்து அவசரகாலம் வந்தது. சிதறிக் கிடந்த லயங்களை முள்வேலிக்குள் ஒன்றாகக் குவித்தார்கள். தூரத்து லயங்களின் பெயர்கள் அப்போதே ஆளில்லாமல் போயின. ஐம்பதுகளில் தோட்டத் துண்டாடல் வந்தது. கம்பெனிகள் கூறுபோட்டு விற்ற தோட்டங்களைத் தொழிலாளரே வாங்கட்டும் என்று சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, மாதம் 10 வெள்ளி என்று அவர்களிடமிருந்தே திரட்டினார். அந்தப் பணத்தில் நிலமும் காக்கப்பட்டது, சில பெயர்களும் காக்கப்பட்டன. கூறுபோட்ட இடங்களில் பழைய தோட்டத்தின் பெயரைச் சொல்ல ஆளில்லை.

மூன்றாவது அடி செம்பனை. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் வேலையிழப்போடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு ஹெக்டேரில் 400-க்கு மேல் நின்ற பால்மரங்கள் போய், அதே இடத்தில் 140 அளவில் பனைகள் வந்தன. நிரை என்ற அமைப்பே மண்ணிலிருந்து மறைந்தது. மரம் மரமாகத் தொட்டு நடந்தவர் இருந்த இடத்தில் இப்போது டிராக்டர் போகிறது, இடம் பிளாக் எண்ணால் அறியப்படுகிறது. நினைவுக்குப் பிடிப்பாக இருந்த மரமும் இல்லை, வளைவும் இல்லை. எழுபதைக் கடந்த பால்வெட்டுக்காரர்களை இன்று கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினால் அவர்களாலேயே இடம் காட்ட முடிவதில்லை.

எழுத்தில் கொஞ்சம் தப்பியிருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்த முத்தம்மாள் பழனிசாமியின் ‘நாடு விட்டு நாடு’ போன்ற தன்வரலாறுகள், அவர் தொகுத்த நாட்டுப்புறப் பாடல்கள், அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’, மலேசியத் தமிழ்ச் சிறுகதைகள் நூற்றுக்கணக்கில். பள்ளி ஆண்டுவிழா மலர்களையும் கோயில் கும்பாபிஷேக மலர்களையும் இவற்றுக்குச் சமமாகவே மதிப்பேன். நன்கொடையாளர் பட்டியலில் ஆளுக்குப் பக்கத்தில் லயத்தின் பெயரும் அச்சாகியிருந்தால் அது தேதியிட்ட சான்று.

ஆனால் முதல் வேலை குரலைப் பதிவது. பெயரை எழுத்தில் மட்டும் வாங்கினால் ஒலி போய்விடும், ஒலியை மட்டும் வாங்கினால் இடம் போய்விடும். அளவைத் துறையின் பழைய வரைபடத்தை முன்னால் விரித்து, சொல்கிறவரின் விரல் போகும் வழியையும் சேர்த்தே படமெடுக்க வேண்டும். கேள்வியும் சரியாக இருக்க வேண்டும். ‘அந்த இடத்துக்குப் பேர் என்ன?’ என்று கேட்டால் வெறும் தோட்டப் பெயரும் டிவிஷன் எண்ணும் வரும். நானும் முதலில் அப்படித்தான் கேட்டு ஏமாந்தேன்.

புந்தோங்கில் மகன் வீட்டில் இருக்கும் ஓர் அம்மாவிடம் கேள்வியை மாற்றினேன். “பெரட்டு முடிஞ்சு உங்க நிரைக்கு எப்படிப் போவீங்கம்மா?” என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். கை தானாக வாளியைத் தூக்குவதுபோல் மடங்கியது. பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, அல்லூர்ப் பலகை, பெரிய கங்காணி லயத்துப் பின்பக்கம், மூங்கிப் பள்ளம், ஒத்தப் பாறை, முனியாண்டி மரம், அதுக்கு மேல செம்மண் சறுக்கு, சறுக்கு ஏறினா முதல் மரம். நிறுத்தாமல் ஒன்பது இடம் சொன்னார். எழுதி முடித்துப் பேனாவை மூடப் போனேன்.

“இது ஒரு நாள் நிரைதான் தம்பி. மரத்த ஒரு நாள் விட்டு ஒரு நாள்தானே சீவுவோம். மறுநாள் நிரை ஆத்துப் பக்கம். அதுக்கு வழி வேற, பேரெல்லாம் வேற. எழுதிக்கிறீங்களா?”